மூக்குத்தி பிறாண்டிய கட்டில்

முதலில் சத்தம்தான் வந்தது. பர்ர்… பர்ர்… பர்ர்… என்று, கோணிச்சாக்கை யாரோ அவசரமில்லாமல் கிழிப்பதுபோல, ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு, நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இரவெல்லாம் விழித்து வேலை பார்த்துவிட்டு ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் படுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தெருவின் சமாசாரம் எல்லாமே காது வழியாகத்தான் வந்து சேரும். குழம்பு தாளிப்பது, குடத்தை இறக்கிவைப்பது, மாமியார் செருமுவது, மருமகள் பதில் சொல்லாமல் இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உண்டு, பதில் சொல்லாமல் இருப்பதற்கும் உண்டு. இது அந்த எதிலும் சேராத சத்தமாக இருந்தது. பின்னாலேயே கோசலையின் குரல் எழும்பியதும்தான் விஷயம் விளங்கிற்று.

"அஞ்சல, உம் பூனை உங்கப்பன் குடுத்த கட்டில தின்னுது பாரு."

பண்ருட்டியில் கெடிலம் ஆற்றை நோக்கி இறங்குகிற அந்தச் சந்தில் வீடுகளெல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை, ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் காலண்டர் ஆடும். கோசலைக்கு ஒரே மகன் தனவேல், பலாக் காலத்தில் பலாவும் மற்றக் காலத்தில் முந்திரியும் ஏற்றிக்கொண்டு எந்தெந்த ஊருக்கோ லாரி ஓட்டுகிறவன், தன் வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வந்துபோகிறவன். அவன் மனைவி அஞ்சலாட்சி. பூனையின் பெயர் மூக்குத்தி. உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கின் இடப்பக்கம் கல் வைத்ததுபோல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு மழைநாளில் சாக்கடை ஓரத்தில் கத்திக்கொண்டு கிடந்ததை அஞ்சலாட்சி தூக்கிவந்து தன் துண்டால் துவட்டினாள், அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பெண்.

கட்டில், அவளுக்குச் சீராக வந்தது. கடையில் வாங்கியதல்ல. காடாம்புலியூர்ப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை, தோட்டத்திலேயே நல்ல மரத்தை, அவள் அப்பா சிவக்கொழுந்து அவள் கல்யாணத்துக்கென்று அறுத்துச் செய்த கட்டில். பலகையெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல மினுங்கும், தலைமாட்டுக் கால்கள் இரண்டும் ஆளின் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும். சந்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. உறவுக்காரர் யார் வந்தாலும் கோசலை முதலில் கட்டிலைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வாள், உட்காரச் சொல்வதும் கட்டிலில் அல்ல.

அந்தக் கட்டிலைக் கொடுத்த சிவக்கொழுந்து அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பேரப்பிள்ளை பிறக்கிறவரைக்கும் பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவர் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது; யார் ஏற்படுத்தியதோ, ஏற்படுத்தியவன் மகளுக்கு உடனே பிள்ளை பிறந்திருக்க வேண்டும். அஞ்சலாட்சிக்குப் பிறக்கவில்லை. வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன. சந்தைக்கு வரும்போதெல்லாம் சிவக்கொழுந்து ஒரு பையில் மணிலாக்கொட்டையோ முருங்கைக்காயோ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியாக உட்கார்ந்து, மகளின் முகத்தையும் மோட்டுவளையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "வரட்டுமாம்மா" என்று எழுந்துபோய், சந்து முனையில் உள்ள டீக்கடையில் நின்று டீ குடிப்பார். ஒவ்வொரு தடவையும் அஞ்சலாட்சி டீ போடுவாள். ஒவ்வொரு தடவையும் அவர் வேண்டாமென்று தலையை ஆட்டுவார். ஆடை கட்டிப்போன அந்த டீயைக் கடைசியில் கோசலைதான் குடிப்பாள், குடிக்காத மனுஷனுக்கு எதற்கடி சர்க்கரையை வீணாக்குகிறாய் என்று கேட்டுக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

ஆகவே கட்டில் என்பது அந்த வீட்டில் வெறும் கட்டில் இல்லை, அப்பா அந்த வீட்டுக்குள் உண்மையாக வந்து உட்கார்ந்திருப்பது அது ஒன்றில்தான். அதைப் போய் ஒரு பூனை பிறாண்டினால் எப்படி விடுவது.

கோசலை முதலில் எலுமிச்சம் தோலை அள்ளிவந்து கட்டிலின் காலைச் சுற்றிப் போட்டாள், பூனைக்குப் புளிப்பு வாசம் ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்; எறும்பு வந்தது, பூனை எறும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டே பிறாண்டியது. பூச்சி உருண்டை வைத்தாள், கோசலைக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. காலைச் சுற்றிச் சாக்கைக் கட்டினாள், மூக்குத்தி சாக்கில் நகத்தைத் தீட்டிக்கொண்டு இன்னும் கூர்மையோடு மரத்துக்கு வந்தது. தகரத்தைச் சுற்றினால், அது வழுக்குகிறதென்று பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஜமுக்காளத்தை நூல்நூலாகப் பிரித்தது. தனவேலின் நகவெட்டியை எடுத்து, கோசலை பூனையைத் துண்டில் சுருட்டி மடியில் அமுக்க, அஞ்சலாட்சி ஒரு நகத்தை வெட்டினாள்; அந்த ஒரு நகத்துக்காக இரண்டு பேர் கையிலும் விழுந்த கோடுகளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு விருத்தாம்பாள், என்ன கோசல, ரேகை பார்த்துக்கிட்டியா என்று கேட்டாள். ஒருநாள் கோசலை அதைக் கூடையில் போட்டு மூடி ஆற்றுக்கு அந்தக் கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் மீன்காரியோடு சற்றே நின்று பேசி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மூக்குத்தி அவளுக்கு முன்பே வந்து அவள் கையிலிருந்த மீன்பையை ஆவலோடு பார்த்தது.

இத்தனைக்கும் அது விரோதத்தில் செய்கிற காரியமில்லை. ஜமுக்காளத்தின் மேல் தூங்கும், எழும், முதுகை வில்லாக்கி முறிக்கும், முறித்த கையோடு இரண்டு முன்னங்காலையும் தூக்கி வலப்பக்கத்துத் தலைமாட்டுக் காலில் வைத்து, பர்ர்… பர்ர்… அவ்வளவுதான். சோம்பல் முறிக்க ஒரு இடம். தினமும் காலையில் அஞ்சலாட்சி துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நுழைத்து, உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் மரத்தூளைக் கூட்டி அள்ளுவாள், மஞ்சள் தூள் மாதிரியே இருக்கும், அள்ளும்போது ஒரு தடவை மோந்து பார்ப்பாள்.

மார்கழியில் ஒரு காலை அப்படிக் கூட்டும்போது துடைப்பம் ஒட்டிக்கொண்டது. பிறாண்டிய கோடுகளில் ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் கசிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, விரலையும் விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்து, அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு அடுத்த நாள் அந்தக் கோட்டில் ஒரு துளிர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு இலை விரிந்தது. தடித்த, பளபளப்பான, வெற்றிலைக்கு அண்ணன் போன்ற இலை.

கோசலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பலாவேதான்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் பாவாடைய ஒரு நடை வரச் சொல்லு" என்றாள்.

பாவாடை பலா மண்டியில் தரகர்; மூடிய பழத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே எத்தனை சுளை என்று சொல்கிற மனுஷன் என்று அவரே சொல்லிக்கொள்வார். வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், இலையைக் கிள்ளி மோந்தார். காடாம்புலியூர்ப் பக்கத்து மரம், சுளை தடியாக இருக்கும், சக்கை கம்மி, ஆனால் கட்டில் வடக்கு பார்த்துக் கிடப்பதால் வெயில் போதாது, காய்ப்பு சற்றுத் தாமதமாகத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆச்சரியம் அவ்வளவோடு முடிந்தது. வேறு ஊராக இருந்தால் கட்டிலுக்கு மாலை போட்டு உண்டியல் வைத்திருப்பார்கள். பலாப்பழம் ஜல்லி மாதிரி ரோட்டோரம் குவிந்து கிடக்கிற ஊரில், கட்டில் துளிர்த்தது என்றால் எழுகிற கேள்விகளும் பலாக் கேள்விகளாகவே இருந்தன: நாட்டு மரமா ஒட்டு மரமா, ஆட்டுக்குத் தழை கிடைக்குமா, எரு வைத்தீர்களா. தனவேலிடம் போனில் சொன்னபோது அவன் வெகுநேரம் லாரிச் சத்தமாகவே இருந்துவிட்டு, வேர் சிமெண்டுத் தரையில் இறங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டான். இறங்கியிருந்தது. அப்படியானால் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவாதீர்கள் என்றான். அடுத்த தடவை வீட்டுக்கு வந்தவன் அதில் படுத்துத் தூங்கி எழுந்து, இடுப்புவலி போய்விட்டது, புரண்டு படுத்தால் சலசலவென்று கேட்கிறது, அது ஒன்றுதான் என்றான்.

பிறகு பூனையை இரவல் கேட்க ஆரம்பித்தார்கள். விருத்தாம்பாள்தான் முதல். அவள் வீட்டுப் பழைய பவானி ஜமுக்காளத்தின் மேல் மூக்குத்தியை ஒரு மத்தியானம் தூங்கவிட்டாள். எழுந்து முறித்துப் பிறாண்டிய இடமெல்லாம் சில நாளில் பருத்தி வெடித்தது, சிவப்புக் கோட்டில் சிவப்புப் பஞ்சு, பச்சைக் கோட்டில் பச்சைப் பஞ்சு, அவள் அதைப் பறித்து ஒரு தலையணை தைத்து வாசலில் வெயிலில் வைத்து எல்லோரும் பார்க்கும்படி தட்டினாள். டீக்கடை பெஞ்சு மாமரமாம், அது பூத்துக் கொட்டியது, உட்கார்ந்து எழுந்தவர்கள் வேட்டியில் எல்லாம் தேன் பிசுக்கு, எறும்பு, ஆனாலும் பேப்பர் படிக்க வருகிறவர்கள் குறையவில்லை, தேன்சிட்டும் வந்தது. மூலை வீட்டுத் தேங்காய்நார் மிதியடியில் தென்னம்பிள்ளை ஒன்று கிளம்பி, அந்த வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே தாண்டிக் குதித்துப் போனார். மருந்துக்கடைக்காரர் மட்டும் பாவம். அவர் புதிதாக வாங்கிய ரெக்சின் சோபாவின் மேல், யாருக்கும் கொடுக்காத பாலும் பிஸ்கோத்தும் கொடுத்து மூக்குத்தியை ராணி மாதிரி உட்காரவைத்தார், அது நன்றியோடு நாலா பக்கமும் கிழித்தது, கிழிந்தது கிழிந்ததுதான், உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு பிதுங்கியதோடு சரி. உயிராக இருந்து வந்த பொருளுக்குத்தானே திரும்பிப் போக ஒரு உயிர் இருக்கும். இன்னும் ஒன்றும் முளைக்கவில்லையா சார் என்று மாத்திரை வாங்க வருகிறவர்களெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

துளிர்த்த கட்டிலில் ஒரு சங்கடம் இருந்தது, பால். மூக்குத்தி பிறாண்டி முடித்து நடந்தால் பாதத்தில் எல்லாம் ஒட்டியது, பேப்பர்த் துண்டு, தலைமயிர், காய்ந்த மிளகாய், ஒருநாள் கோசலையின் சுருக்குப்பை. செருப்பு மாட்டிவிட்ட குழந்தை மாதிரி காலை உதறிக்கொண்டு அது நடந்த நடையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த கோசலை, சிரித்துக்கொண்டே நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, பூனையை மடியில் போட்டு, விரல்விரலாக எண்ணெய் தடவி வழித்துத் துடைத்துவிட்டாள். எங்கள் ஊரில் பலாப் பால் பட்ட கை யாருடையதாக இருந்தாலும் எண்ணெய் தடவிவிடுவார்கள், யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. அதிலிருந்து அது தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் பர்ர் பர்ர் முடிந்ததும் மூக்குத்தி நேராக வந்து கோசலையின் மடியில் காலைத் தூக்கி வைக்கும். எம்புருஷனுக்குக்கூட நான் இப்படிக் கால் புடிச்சதில்ல என்று கோசலை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அலுத்துக்கொள்வாள். எண்ணெய் பூசிய காலோடு அது மறுபடி போய் இன்னொரு தடவை சோம்பல் முறித்துக்கொள்ளும்.

தை பிறந்து கொஞ்சநாளில், வலப்பக்கத்துத் தலைமாட்டுக் காலில், கோடுகளுக்கு மேலே, கட்டைவிரல் பருமனில் ஒரு பிஞ்சு எட்டிப் பார்த்தது. கோசலை அன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. பிஞ்சு கைப்பிடி அளவு ஆனது, தேங்காய் அளவு ஆனது, காம்பு வளைந்தது. பாரம் தாங்காது என்று பாவாடை சொல்லிவிட்டுப் போன சாயங்காலம், கோசலை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, எதற்கென்று அந்த வீட்டில் யாரும் கேட்காமலே இத்தனை வருஷமாக அடியில் மடித்து வைத்திருந்த ஒரு பழைய நூல்சேலையை எடுத்து, உத்தரத்தில் கட்டி, பிஞ்சை அதற்குள் மெல்ல ஏந்தி வைத்தாள். பிள்ளைக்குக் கட்டுகிற ஏணைதான், வேறொன்றும் இல்லை. அஞ்சலாட்சி முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

விருத்தாம்பாள் கண்மை கொண்டுவந்து முள்ளுக்கு நடுவில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"ஏன் கோசல, இதுவும் இந்த வீட்டுல பொறந்த கணக்குதான?"

கோசலை ஏணையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். அஞ்சலாட்சி அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆனால் கேள்வி உத்தரத்தில் ஏணையோடு தொங்கிக்கொண்டிருந்தது, காற்றில் ஏணை ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடியது. அதற்குப் பிறகு அஞ்சலாட்சி அந்தப் பிஞ்சை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். இது முற்றி, பழுத்து, அறுத்துத் தட்டில் வைத்தால், அப்பா எடுப்பாரா? அவ்வளவுதான் அவள் நினைப்பு. சமைக்கும்போது அந்த நினைப்பு, துவைக்கும்போது அந்த நினைப்பு. தட்டுகூட எடுத்துத் துலக்கி வைத்துவிட்டாள்.

பங்குனியில் வினை வந்தது. பிஞ்சு வளர்வதை நிறுத்திக்கொண்டது. பச்சை மங்கிக் கறுத்தது, காம்போரத்து இலை ஒன்று பழுத்து ஏணைக்குள் விழுந்தது. பாவாடை வந்து, பிஞ்சைத் தொடாமல், கீழே காலில் வழிந்து உறைந்திருந்த பாலைத் தொட்டுப் பார்த்தார். எப்போதும் பேசுகிற மாதிரி பேசவில்லை.

"தெனம் பால் வடிஞ்சிக்கிட்டே இருந்தா பிஞ்சு நிக்காதும்மா. பூனைய நிறுத்துங்க. இல்ல, இத மறந்துடுங்க."

மறுபடி எலுமிச்சம் தோல், மறுபடி பூச்சி உருண்டை, மறுபடி சாக்கு, தகரம். கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வந்தது, ஜன்னலைச் சாத்தினால் ஓடு வழியாக இறங்கியது. தலைமாட்டில் காவல் உட்கார்ந்த கோசலை கண்ணசந்த நேரத்தில் அவள் மடியிலிருந்தே எழுந்துபோய்ப் பிறாண்டியது. கடைசியில் தனவேல் ஊருக்கு வந்திருந்தபோது கோசலையே சொன்னாள், இதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது தூரத்தில், நல்ல மீன்கடையாகப் பார்த்து விட்டுவிடு என்று. தனவேல் மனைவியைப் பார்த்தான். அஞ்சலாட்சி பதில் சொல்லவில்லை, அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மடியில் வளர்ந்தது. அவள் போய்க் கூடையை எடுத்துவந்து, அடியில் தன் பழைய துண்டை விரித்தாள், மழைநாளில் துவட்டிய அதே துண்டு.

லாரி சந்து முனையில் உறுமிக்கொண்டு நின்றது. மூக்குத்தி அன்றைக்கும் எழுந்து, முறித்து, பிறாண்டிவிட்டு, வழக்கம்போலக் கோசலையின் மடியில் காலைத் தூக்கி வைத்தது. பிசுக்குக் காலோடு ஊர்விட்டு ஊர் போகக் கூடாது என்று கோசலை கிண்ணத்தைக் கேட்டாள். ஒரு காலைத் தடவித் துடைத்தாள். அடுத்த காலைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எண்ணெய் விரலிலிருந்து சொட்டிச் சேலையில் விழுந்தது.

"ஏன்டி அஞ்சல, பால் ஒட்டுச்சின்னா பூனை அந்தப் பக்கம் போவுமா?"

"கால்ல ஒட்டறது எதுவும் அதுக்குப் புடிக்காது அத்தை."

"அப்ப தெனம் காலையில தொடச்சி வுட்டு, போயிட்டு வாடி கண்ணுன்னு வழியனுப்பி வச்சது யாரு?"

அஞ்சலாட்சி பூனையைப் பார்த்தாள், மாமியாரின் கையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கிண்ணத்த எடுத்துக் குடுத்தது நான்தான் அத்தை" என்றாள்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரிப்பு நிற்கவில்லை, கோசலைக்குப் புரையேறிற்று, விருத்தாம்பாள் அந்தப் பக்கத்திலிருந்து என்னவென்று கத்திக் கேட்டாள். மரம் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பசையை வைத்திருக்கிறது. அதைத் தினமும் தவறாமல் நல்லெண்ணெய் போட்டு வழித்து எடுத்திருக்கிறார்கள், பிரியத்தால். தனவேல் வாசலில் வந்து நின்று பூனை வருகிறதா இல்லையா என்று கேட்டான்.

"நீ கெளம்பு. அதுக்கு இங்க வேல இருக்குது" என்றாள் கோசலை.

மறுநாள் எண்ணெய் இல்லை. மூக்குத்தி பிறாண்டப் போய் ஒட்டிக்கொண்டு, இழுத்துப் பிய்த்துக்கொண்டு, மடியில் காலை வைத்தால் கோசலை கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவமானத்தில் அது பொழுதுக்கும் மூலையில் உட்கார்ந்து தன் காலைத் தானே நக்கியது. அடுத்த காலை எழுந்தது, முறித்தது, கட்டிலிடம் போய் மோந்தது, ஒரு அடி பின்னால் வைத்தது. ஆனாலும் தூங்கி எழுந்த உயிருக்கு நீட்டி முறிக்க ஒரு இடம் வேண்டுமே. அதைப் பார்த்த கோசலை, சவுக்குக் கட்டை ஒன்றை வாங்கிவந்து, அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஜமுக்காளத்தை ஒட்டியே, கண்ணைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் நட்டு நிறுத்தினாள். தயங்கித் தயங்கி ஒரு காலை வைத்துப் பார்த்த மூக்குத்தி, பிறகு இரண்டையும் வைத்தது. பர்ர்… என்றது. பழைய சத்தத்தைவிடச் சற்றுக் கரகரப்பாக. கயிற்றில் அவ்வப்போது தென்னங்குருத்து தலைகாட்டும். கோசலை கருவேப்பிலை கிள்ளுவதுபோல அதைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போவாள்.

கட்டிலின் காயம் காய்ந்து பொருக்குக் கட்டியது. ஏணைக்குள் பிஞ்சு மறுபடி பச்சையானது. சித்திரை முழுக்கப் பருத்தது, முள் அகன்றது, வைகாசியில் ஒருநாள் வாசம் புறப்பட்டது. சும்மா புறப்படவில்லை, சந்து முழுக்க வீடுவீடாக ஏறி இறங்கி, டீக்கடையைத் தாண்டி, சந்தையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சிவக்கொழுந்தின் மூக்குவரைக்கும் போயிற்று. ஒரு நல்ல மரத்தின் வாசம் அதை வளர்த்தவனுக்குத் தெரியாமல் இருக்காது.

அஞ்சலாட்சி சோறு வடித்து இறக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாதி கூட்டியிருந்தாள், வாசலில் நிழல் விழுந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். சிவக்கொழுந்து அன்றைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகக் கட்டிலிடம் போனார். ஏணையை விலக்கி, மடக்கிய விரலால் பழத்தைத் தட்டினார். தொப்பென்று, நிறைந்த சத்தம். கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இந்த எடந்தாம்மா" என்றார். "மரத்த அறுக்கறப்ப இந்த எடத்துல ஒரு பிஞ்சு இருந்துச்சு."

கோசலை கத்தியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துவந்து வைத்தாள். பழத்தை இறக்கினார்கள். சிவக்கொழுந்தே கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார். அதற்குள் வாசல் நிறைந்துவிட்டது, பாவாடை, விருத்தாம்பாள், மருந்துக்கடைக்காரர்கூட. அஞ்சலாட்சி துலக்கி வைத்த தட்டில் முதல் சுளையை வைத்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வாசலில் உடனே வழக்கு ஆரம்பித்தது. அவர் வைத்த மரம், அவர் மரத்துப் பழம், அவர் வீட்டில் தின்ற மாதிரிதான், இது கை நனைத்ததில் சேராது என்றார் பாவாடை தாழ்ந்த குரலில். தட்டு யார் வீட்டுத் தட்டு என்று கேட்டாள் விருத்தாம்பாள். தட்டையா தின்றார் என்றார் பாவாடை. சந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து முணுமுணுத்தது. அஞ்சலாட்சிக்கும் அது காதில் விழுந்தது, அவள் முகம் இறங்கத் தொடங்கிற்று. சிவக்கொழுந்து எதையும் கேட்காதவர்போலக் கொட்டையைத் துப்பி, இன்னொரு சுளையைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

முணுமுணுப்பு நின்றது. தண்ணீர் அவர் மரத்தில் காய்ப்பதில்லை. அஞ்சலாட்சி நின்ற இடத்திலேயே நின்றாள், சொன்னது விளங்காதவள்போல. கோசலைதான் குறுக்கே வந்தாள்.

"பலாப்பழத்து மேல தண்ணி குடிக்கக் கூடாது சம்பந்தி, வயித்துக்கு ஆவாது."

"அப்ப ஒரு புடி சோறு போடச் சொல்லுங்க" என்றார் அவர்.

அஞ்சலாட்சி உள்ளே போனாள். அடுப்படியில் எதுவோ விழுந்து உருண்டது, எதுவோ திறந்து மூடியது. அவள் சோற்றோடு வந்தபோது வாசலில் யாரும் இல்லை. ஒருத்தன் சாப்பிடும்போது சுற்றி நின்று பார்க்கக் கூடாதென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது. சிவக்கொழுந்து துளிர்விட்ட கட்டிலின் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை கழுவி, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்து மென்றார்.

"உப்பு கம்மியா கீதும்மா" என்றார்.

"உங்க பொண்ணு கை எப்பவும் அப்படித்தான் சம்பந்தி. நான் சொன்னா கேக்கறாளா" என்றாள் கோசலை.

அஞ்சலாட்சி உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டார், போட்டாள். மோர் கேட்டார், ஊற்றினாள்.

அவர் புறப்பட்டுப் போகும்போது டீக்கடைக்காரர் வழக்கப்படி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். சிவக்கொழுந்து வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டு, பூத்த பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டார். வீட்டில் மூக்குத்தி ஜமுக்காளத்தின் மேல் கண்ணைத் திறந்தது, முதுகை வளைத்தது, சவுக்குக் கட்டைக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்தது. பர்ர்… பர்ர்… கோசலை சுளைகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து, எந்த வீட்டுக்கு எது என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள், மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் இரண்டு அதிகம். அஞ்சலாட்சி எச்சில் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.